வெயிலில் ஆறு மைல்: ‘எ வாக் இன் தி சன்’

வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி பெற்று, பதினேழு ஆண்டுகள் காலாட்படையில் பணியாற்றிவிட்டு, ஓய்வுக்குப் பின் குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவிலேயே வீடு பார்த்துக் குடியேறியவன் நான். அதனால், போர்ப் படம் என்று எதைப் பார்க்க உட்கார்ந்தாலும் என் கண் முதலில் தேடுவது சிப்பாயின் கால்களைத்தான். துப்பாக்கியைப் பிடிக்க எந்த நடிகருக்கும் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் பிட்டு என்று நாங்கள் சொல்லும் சுமைப்பையை முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்தவனின் தோள் எப்படி முன்னால் வளையும், நிற்கச் சொன்ன உடனே அவன் எப்படிச் சுமையோடு அப்படியே சரிந்து உட்காருவான் என்பதைப் பெரும்பாலான படங்கள் கவனிப்பதே இல்லை. 1945இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த ‘எ வாக் இன் தி சன்’ அதைக் கவனித்த படம். படத்தின் பெயரிலேயே நடை இருக்கிறது. கதையும் ஒரு நடைதான்.

இரண்டாம் உலகப் போரில், 1943 செப்டம்பர் 9ஆம் தேதி விடியற்காலையில் அமெரிக்கப் படைகளும் பிரிட்டிஷ் படைகளும் இத்தாலியின் சலேர்னோ கடற்கரையில் இறங்கின. அதற்கு முந்தைய நாள் மாலையில்தான் இத்தாலி சரணடைந்த செய்தி அறிவிக்கப்பட்டிருந்தது; கப்பலில் அதைக் கேட்ட பலர், எதிர்ப்பே இருக்காது என்று நம்பிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். கரையில் ஜெர்மானியர் காத்திருந்தார்கள். அன்று இறங்கிய அமெரிக்கர்களில் பெரும்பாலோர் டெக்சாஸ் டிவிஷன் என்று அழைக்கப்பட்ட 36ஆவது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்தவர்கள். அந்த டிவிஷனில் 53 பேர் கொண்ட ஒரு பிளாட்டூனைக் கற்பனையாகப் படைத்து, அவர்களுக்கு ஒரே ஓர் ஆணையைக் கொடுக்கிறது படம்: கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குள் ஆறு மைல் நடந்து போய், ஒரு பண்ணைவீட்டைக் கைப்பற்றி, அதன் அருகிலுள்ள பாலத்தைத் தகர்க்க வேண்டும். விடிவதற்கு முன் படகில் தொடங்கும் கதை நண்பகலில் அந்த வீட்டு வாசலில் முடிந்துவிடுகிறது. அந்த வீடு ஏன் வேண்டும், பாலம் போனால் யாருக்கு என்ன இழப்பு, பக்கத்துப் பிளாட்டூன் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. நமக்கும் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. படைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது கதையில் உள்ள குறையாகத் தோன்றலாம். மலைமேல் ஒரு பாறையைக் காட்டி, அதை விட்டு நகரக் கூடாது என்று சொல்லப்பட்டு, ஏன் என்று தெரியாமலே பதினோரு நாள் அதன் கீழ் கிடந்த எனக்கு, இந்தப் படத்தின் முதல் உண்மையே அந்தத் தெரியாமைதான்.

படத்தின் பிரதியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தப் படத்தை நான் முதலில் வெறுத்ததற்குப் பிரதியே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் ஒரு கடையில் வாங்கிய குறுந்தகட்டில், முதல் இருபது நிமிடங்கள் ஏறக்குறைய கறுப்புத் திரையாகவே ஓடின. கதை படகின் இருட்டில் தொடங்குகிறது. முகங்களை வைத்துத்தான் ஆட்களை அடையாளம் காண வேண்டும். அந்தத் தகட்டில் தொப்பிகள் தெரிந்தனவே தவிர முகங்கள் தெரியவில்லை. ஒலியும் தகரக் குடத்துக்குள் பேசுவது போலிருந்தது. இது பேச்சால் கட்டப்பட்ட படம் என்பதால், பேச்சு கேட்காவிட்டால் மிஞ்சுவது புல்லில் படுத்துக் கிடக்கும் சிலர் மட்டுமே. பாதியில் நிறுத்திவிட்டு, பழைய படம் பொறுமையைச் சோதிக்கிறது என்று நண்பர்களிடமும் சொன்னேன். அந்தத் தீர்ப்பு தவறு. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யு.சி.எல்.ஏ. திரைப்படக் காப்பகம் மீட்டெடுத்த பிரதியிலிருந்து உருவான புளூ-ரே தகட்டில் இப்போது பார்த்தபோது, ரஸல் ஹார்லனின் ஒளிப்பதிவில் அந்த இருட்டுக்குள்ளேயே பல சாம்பல் நிறங்கள் இருப்பது தெரிந்தது. ஒருவன் சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் இருப்பதும், இன்னொருவன் பேசிக்கொண்டே இருந்து திடீரென்று நிறுத்துவதும் தெளிவாகத் தெரிகின்றன. மங்கிய இலவசப் பிரதிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருக்கலாம். என்னிடமுள்ள தகட்டில் வசனத்துக்குத் தமிழ்த் துணையெழுத்துகள் கிடையாது, ஆங்கிலம் மட்டுமே. சிப்பாய்களின் கொச்சைப் பேச்சு வேகமாகப் போவதால், ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களும் எழுத்துகளை ஓடவிட்டே பார்ப்பது நல்லது.

கரையை அடைவதற்கு முன்பே பிளாட்டூனின் லெப்டினன்ட் குண்டுச் சிதறல் முகத்தில் பாய்ந்து வீழ்கிறார். அந்தக் காயத்தைப் படம் நமக்குக் காட்டுவதில்லை. அதைப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் காட்டுகிறது. அடுத்துப் பொறுப்பேற்கும் சார்ஜென்ட் ஹால்வர்சன் மேலதிகாரியைத் தேடிப் போனவர் திரும்புவதில்லை. அவருக்கு அடுத்தவரான ஹாஸ்கின்ஸ் விமானத் தாக்குதலில் காயமடைந்து பின்தங்குகிறார். பொறுப்பு போர்ட்டருக்கு வருகிறது; போர்ட்டர் பாதி வழியில் உடைந்துபோக, டைன் என்ற சார்ஜென்டிடம் போய்ச் சேர்கிறது. நாங்கள் பயிற்சியில் இருந்தபோது உஸ்தாத், அதாவது எங்கள் பயிற்சியாளர், எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவனையும் தொட்டு, “இவன் விழுந்தா யாரு? அவன் விழுந்தா யாரு?” என்று கேட்டுக்கொண்டே போவார். செக்ஷனுக்குப் பத்துப் பேர் என்றால் பத்தாவது ஆள்வரை அந்தக் கேள்வி வரும். பத்தாவது ஆள் என்ன சொல்ல வேண்டும் என்பதை அப்போது எங்களில் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. இந்தப் படத்தில் பொறுப்பு கைமாறும் ஒவ்வொரு முறையும் எந்த அறிவிப்பும் இல்லை, உரத்த இசையும் இல்லை. ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் விஷயம் முடிந்துவிடுகிறது.

போர்ட்டர் உடையும் காட்சியை நான் நான்கு முறை பார்த்துவிட்டேன். ஹெர்பர்ட் ரட்லி என்ற நடிகர் அந்தப் பாத்திரத்தில் செய்திருப்பது சாதாரண வேலையல்ல. தொடக்கத்திலிருந்தே அவர் கைகள் சும்மா இருப்பதில்லை. வரைபடத்தை விரிக்கிறார், மடிக்கிறார், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார், பதில் வருவதற்குள் எரிந்து விழுகிறார். காயம்பட்ட ஹாஸ்கின்ஸ், இவர் தாங்க மாட்டார் என்று டைனிடம் முன்பே எச்சரித்துவிடுகிறார். ஜெர்மானிய வாகனம் ஒன்று வரும் சத்தம் கேட்கும்போது போர்ட்டர் தரையில் சுருண்டு அழத் தொடங்குகிறார். யாரும் அவரை அடிப்பதில்லை, கோழை என்று ஏசுவதில்லை, வீர வசனம் பேசி எழுப்புவதும் இல்லை. வாகனத்தைக் கையெறி குண்டுகளால் சமாளித்த பின், அவரை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்கிறார்கள். பல போர்களைப் பார்த்தவர் போர்ட்டர். ஒருவருக்குள் இருக்கும் சரக்கு இவ்வளவுதான், அது தீர்ந்துவிட்டது என்று சகாக்கள் புரிந்துகொள்கிறார்கள். போர் முடிந்த ஆண்டிலேயே, வெற்றிக் களிப்பில் இருந்த ஒரு நாட்டில், இதை இவ்வளவு மரியாதையோடு திரையில் காட்டியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது மைல்ஸ்டோன்மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. அவரே முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்தவர். 1930இல், தோற்ற தரப்பின் சிப்பாய்களைப் பற்றி அவர் எடுத்த படம் அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது.

நான் மிக நெருக்கமாக உணர்ந்த பாத்திரம் வார்ட். லாய்ட் பிரிட்ஜஸ் நடித்திருக்கிறார். ஊரில் விவசாயி என்பதால் சகாக்கள் அவரை விவசாயி என்றே கூப்பிடுகிறார்கள். இத்தாலிய மண்ணைக் கையில் அள்ளி, விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்து, இது களைத்துப்போன மண் என்ற எண்ணத்தோடு பேசுகிறார்; அதில் எத்தனை படைகள் நடந்திருக்கின்றன என்று யோசிக்கிறார். இதை எழுத்தாளர் மேசையில் பிறந்த கற்பனை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் செக்ஷனில் தருமபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். எங்கே பதுங்குகுழி தோண்டினாலும் முதல் மண்வெட்டி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பான்; இதில் கேழ்வரகு வரும், இதில் எள்கூட வராது என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வெட்டு. வெலிங்டனில் பயிற்சியில் இருந்தபோது கேத்தி பள்ளத்தாக்கு வழியாக ரூட் மார்ச் போனால், உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் புதிதாகக் கொத்திப் போட்ட அந்தக் கறுத்த மண்ணைப் பார்த்து அவன் நடை தானாகவே தளரும். பின்னாலிருந்து உஸ்தாத் சத்தம் போடுவார். காலாட்படையில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் நிலத்திலிருந்து வந்தவர்கள். நிலத்தில் படுத்து, நிலத்தைத் தோண்டி, அதன் மேட்டையும் பள்ளத்தையும் நம்பி உயிரைக் காத்துக்கொள்ளும் வேலை அவர்களுடையது. வார்ட் மண்ணை நசுக்கும் அந்த ஒரு கைக்காகவே இந்தப் படத்தை நான் பிறருக்குப் பரிந்துரைப்பேன்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாரி பிரௌனின் நாவலிலிருந்து ராபர்ட் ராஸன் எழுதிய திரைக்கதை இது. 117 நிமிடப் படத்தில் சண்டைக்குச் செலவாகும் நேரம் குறைவு. மற்றதெல்லாம் நடையும் காத்திருப்பும் பேச்சும். ஜான் அயர்லாந்து நடித்த விண்டி, தன் சகோதரிக்கு எழுதப்போகும் கடிதத்தை மனத்துக்குள்ளேயே சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்டிருக்கிறார். படம் முழுவதும் அந்தக் கடிதம் தாளுக்கு வருவதில்லை. இயந்திரத் துப்பாக்கிக்காரரான ரிவேராவும் (ரிச்சர்ட் கான்டே) அவருடைய கூட்டாளி ஃபிரீட்மனும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே ஆறு மைலையும் கடக்கிறார்கள். நார்மன் லாய்ட் நடித்த ஆர்ச்சிம்போ என்ற சிப்பாய்க்கு ஒரே கவலைதான்: இந்தப் போர் முடியாது, 1950களிலும் நம்மை விடமாட்டார்கள், திபெத்தில் சண்டை போட அனுப்புவார்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். டெக்சாஸ்காரர்கள் நிறைந்த ஒரு படையில், உலகத்திலேயே மிகத் தொலைவான, நடக்கவே முடியாத இடமாக ஒரு பெயர் வேண்டுமென்று அந்த வசனத்தை எழுதியிருப்பார்கள். 1962இல் அந்தத் திபெத்தின் எல்லையோரம் லடாக்கிலும் வடகிழக்கிலும், குளிருக்கான உடுப்புகூடச் சரியாக இல்லாமல் நின்றவர்கள் நம் காலாட்படையினர். நம் நாட்டில் இந்தப் படத்தைப் பார்க்கும் எந்தச் சிப்பாயும் அந்த வசனத்தைச் சிரித்துவிட்டுக் கடக்க மாட்டான் என்றே நினைக்கிறேன்.

இத்தாலியும் நமக்கு அந்நியமான களமில்லை. சலேர்னோவில் அமெரிக்கர்கள் இறங்கிய அதே செப்டம்பரில், இந்தியாவின் 8ஆவது டிவிஷன் தாரந்தோ துறைமுகத்தில் இறங்கியது. பின்னர் 4ஆவது, 10ஆவது டிவிஷன்களும் அந்த நாட்டில் போரிட்டன. நம்மவர்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய நடையைப் பற்றி இப்படி ஒரு படம் தமிழில் வேண்டாம், இந்திய மொழி எதிலாவது வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் படம் முழுக்க எனக்கு இருந்தது.

குறைகளும் உண்டு. முதல் குறை பாட்டு. எர்ல் ராபின்சன் இசையமைத்து, மில்லர்ட் லாம்பெல் எழுதி, கென்னத் ஸ்பென்சர் கனத்த குரலில் பாடும் ஒரு கதைப்பாடல் இடையிடையே வருகிறது. குரல் அருமையானது; அதில் குற்றமில்லை. ஆனால் நம் கண்ணெதிரே சிப்பாய்கள் களைத்து நடந்து போகும்போது, இதோ களைத்து நடக்கிறார்கள் என்று பாட்டும் சொல்ல வேண்டிய தேவை என்ன? கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பாட்டு கதையைச் சொல்வது பழக்கம்தான். வில்லுப்பாட்டிலும் தெருக்கூத்திலும் காட்சியில் இல்லாததைப் பாட்டு கொண்டு வரும். இங்கே காட்சியில் இருப்பதையே பாட்டு மறுபடியும் சொல்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வைத்திருந்தால் போதும். இரண்டாவது, “யாரும் சாவதில்லை” போன்ற சில தொடர்களை அளவுக்கு மீறித் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். சிப்பாய்கள் ஒரே பேச்சைத் தேயும்வரை பேசுவார்கள் என்பது உண்மை. ஆனால் இங்கே சில இடங்களில் மேடை நாடகத்தின் ஒத்திகை தெரிகிறது. கலிபோர்னியாவில் எடுத்த படம் என்பதும் சில மலைச்சரிவுகளில் தெரிந்துவிடுகிறது. அது பெரிய குறையல்ல.

கடைசித் தாக்குதல் என் பார்வையில் படத்தின் மிகச் சிறந்த பகுதி. பண்ணைவீட்டுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் ஒரு திறந்த வெளி. ஒளிய மரமோ மேடோ இல்லை, உயர்ந்த புல் மட்டும். டாங்கிகளை எதிர்க்கும் பசூக்காவின் குண்டுகள் வழியிலேயே தீர்ந்துவிட்டன. முதலில் ஊர்ந்து போகும் சிறு குழுவை வீட்டிலிருந்து இயந்திரத் துப்பாக்கி அறுத்துவிடுகிறது. பிறகு விண்டியின் யோசனைப்படி ஒரு பிரிவு ஆற்றோரமாகச் சுற்றிப் போய்ப் பாலத்தை நெருங்குகிறது. ரிவேராவின் துப்பாக்கி வீட்டைச் சுட்டுக்கொண்டே இருக்க, டைன் மற்றவர்களோடு நேராகப் புல்வெளியில் இறங்குகிறார். தரையோடு தரையாக ஊர்ந்து போகும் டைனாக நடித்த டேனா ஆண்ட்ரூஸின் முகத்தைக் காமிரா மிக அருகில் வைத்துக் காட்டுகிறது. வீடு அங்கேயே இருக்கிறது. அவர் ஊர்ந்துகொண்டே இருக்கிறார். தூரம் குறைவதாகத் தெரியவில்லை. வெளிச்சம் மங்கி, எல்லாம் கனவு போல ஆகிறது. முழங்கையால் ஊர்ந்தவர்களுக்குத் தெரியும், எழுபது கஜம் என்பது அளவுகோலில் ஒன்று, முழங்கையில் வேறொன்று. ஜெர்மானியர்களின் முகங்களை அநேகமாக நாம் பார்ப்பதே இல்லை. ஜன்னலில் ஒரு துப்பாக்கி முனை, ஒரு தலைக்கவசம், அவ்வளவுதான். எதிரியை அரக்கனாகக் காட்டும் வாய்ப்பை இயக்குநர் வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் படத்தைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தப் பெருமையைவிட, இந்த மழைக்காலத்தில் என் வீட்டில் நடந்தது எனக்கு முக்கியம். என் பழைய உஸ்தாத், எண்பதை நெருங்கும் ஓய்வுபெற்ற சுபேதார், வெலிங்டன் பஜாரிலிருந்து மூடுபனியில் குடையோடு ஏறி வந்திருந்தார். ஆங்கிலம் முழுவதும் புரியாததால் இடையிடையே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில், பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டிவிட்டார். திபெத் வசனத்தை மட்டும் அவரே கேட்டுப் புரிந்துகொண்டு, “எங்க உஸ்தாத் அறுபத்திரண்டுல மேல போய்ட்டு வந்தவரு, தம்பி. அதப் பத்திப் பேசவே மாட்டாரு,” என்றார்.

முடிவில் பாலம் தகர்ந்துவிட்டது. வீடு கையில் வந்துவிட்டது. வார்ட் ஓர் ஆப்பிளை எடுத்துக் கடிக்கிறார். ராங்கின் என்ற சிப்பாய் கடைசிவரை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த டாமி துப்பாக்கியை டைன் எடுத்து, அதன் கட்டையில் இன்னொரு கீறலைச் செதுக்குகிறார். ராங்கின் உயிரோடு இல்லை. படம் முடிந்து நான் விளக்கைப் போட எழுந்தபோது உஸ்தாத் என்னைத் தடுத்தார்.

“அந்தப் பெரிய சார்ஜென்ட் அழுவாருல்ல, அதுக்கப்புறம் அவர யாரு கூட்டிட்டு வந்தா?”

“படத்துல காட்டல, சாப்.”

“திரும்பப் போடு. நீ சரியாப் பாத்திருக்க மாட்ட,” என்றார். போட்டேன்.